ஒருபக்கமாக உட்கார்ந்து கிருஷ்ணகிரி வரை

மூன்று நாள் வேலை என்றுதான் முதலாளி சொன்னார். அதனால் மூன்று சேலைதான் எடுத்துப் போனேன். ஒன்பதாம் நாள்தான் ஊர் திரும்பினேன். அந்த மூன்றில் ஒரு சேலையைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆராய்ச்சி செய்வார்கள் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் நல்லதாக எடுத்துப் போயிருப்பேன்.

மன்னார்குடியில் பைக், ஆட்டோ சீட் தைக்கும் கடையில் எனக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. படிப்பு பத்தாம் வகுப்பு. கடைக்கு ஆள் வந்தால் முதலாளி வந்தவரைப் பார்ப்பார், நான் மிஷினைப் பார்ப்பேன். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் இதுவரை குறை இல்லை.

முதலாளியின் தங்கை மகன் கிருபாகரன் ஓசூரில் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு மின்சார பைக் செய்துகொண்டிருந்தார். வண்டி முடிந்துவிட்டது, சீட் மட்டும் பாக்கி. அந்த ஊர்த் தொழிற்சாலைகளில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் சீட் தைக்கிறார்கள். ஒன்றே ஒன்று தைத்துக் கொடுங்கள் என்றால் யாரும் கதவைத் திறப்பதில்லை. அதனால் ஒற்றைச் சீட் தைக்க நான் தமிழ்நாட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனேன்.

விடியற்காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பல் கிட்டியது. எங்கள் ஊரில் மார்கழியில்கூட அப்படிக் குளிராது. அது ஆடி மாதம். ஆட்டோக்காரர் முதலில் கன்னடத்தில் கேட்டார், பிறகு தெலுங்கில், பிறகு இந்தியில். கடைசியாகத்தான் தமிழுக்கு வந்தார். என் முகத்தில் எது தெரிந்ததோ, தமிழ் மட்டும் தெரியவில்லை.

கிருபாகரனின் ஷெட் ரோஜாப்பூ வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்களுக்கு நடுவில் இருந்தது. உள்ளே வண்டி நின்றது. மூக்கு கூர்மையாக, வால் மெலிந்து, வாளை மீனை நிமிர்த்தி வைத்த மாதிரி.

"அக்கா, ஹைவேல போகும்போது பேட்டரி நம்மள இழுக்கல. காத்தைத்தான் தள்ளுது. பாதிக்கு மேல அதுக்கே போயிடுது" என்றார் கிருபாகரன். "வேகம் ரெண்டு மடங்கு ஆனா காத்து நாலு மடங்கு எதுக்கும். பேட்டரியைப் பெருசு பண்றது ஈஸி. நான் காத்தை ஏமாத்தப் பாக்கறேன். ரெண்டு வருஷமா இதான் வேலை."

நான் தலையாட்டினேன். காற்றை ஏமாற்றப் போகிறவர் அதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

டீ குடிக்கும்போது மீதி விஷயத்தைச் சொன்னவர் முனிராஜ். வண்டி ஓட்டிப் பார்க்கும் ஆள். சூளகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். போனில் அம்மாவிடம் தெலுங்கு, மனைவியிடம் கன்னடம், வண்டியிடம் தமிழ் பேசுவார். "கிருஷ்ணகிரில ஒரு டீலர் கீறாருக்கா. அவரு அம்பது வண்டி எடுத்தா ஷெட் ஓடும். எடுக்கலைன்னா மாசக் கடைசியில பூட்டு. ஏழு பேரும் பழையபடி கம்பெனி கேட்டுல போயி நிக்கணும்."

சீட் வரைபடத்தைப் பார்த்தேன். முன்னால் அகலம், பின்னால் குளவி இடுப்பு போலக் குறுகி, நுனியில் மேலே தூக்கியிருந்தது. இதில் ஒரு பெண் ஒருபக்கமாக உட்கார முடியாது என்று பார்த்தவுடனே தெரிந்தது. சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. இரண்டு நாளில் வரைபடத்தில் இருந்தபடியே, ஒரு நூல் பிசகாமல் தைத்துக் கொடுத்தேன்.

சாப்பாடு பக்கத்து மெஸ்ஸில். முதல் மதியமே கேழ்வரகுக் களி உருண்டை வைத்தார்கள். நான் மென்றேன். மெஸ்காரம்மா இடுப்பில் கைவைத்து நின்று வேடிக்கை பார்த்தார். "மெல்லாதக்கா, அது பாக்கு இல்ல. குழம்புல தோச்சி அப்பிடியே முழுங்கு." முழுங்கினேன். கண்ணில் நீர் வந்தது. சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். கர்நாடகம் ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் சாம்பாருக்குள் அது எப்போதோ வந்துவிட்டது.

மூன்றாம் நாள் நான் கிளம்பியிருக்க வேண்டும். கிருபாகரன் ஒரு கண்டு சிவப்பு உல்லன் நூலைக் கையில் கொடுத்தார். காற்று எங்கே வண்டியோடு ஒட்டிப் போகிறது, எங்கே பிரிந்து சுழல்கிறது என்று பார்க்கப் பெரிய கம்பெனிகளில் தனிக் கூடமே இருக்கிறதாம். இவரிடம் அது இல்லை. அதனால் விரல் நீளத்துக்கு நூலை நறுக்கி, ஒரு முனையை மட்டும் டேப்பால் வண்டி முழுக்க ஒட்ட வேண்டும். வண்டி ஓடும்போது கூடவே வேனில் போய்ப் படம் எடுப்பார். நூல் படிந்து நேராகப் படுத்தால் காற்றுக்குச் சம்மதம். ஆடினால் சண்டை.

இருநூறுக்கு மேல் ஒட்டினேன். நூல், அளவு, வரிசை, யாரோடும் பேச வேண்டாம். எனக்கென்றே செய்த வேலை மாதிரி இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்க வண்டியும் வேனுமாகக் குந்தாரப்பள்ளி வரை போனோம். அன்று அங்கே சந்தை. டீக்குடிக்க நிறுத்தியதும் ஆடு விற்க வந்திருந்த ஓர் அம்மாள் கயிற்றைப் பிடித்தபடியே வண்டியைச் சுற்றி வந்தார். சிவப்பு நூல் முளைத்த வண்டி அவருக்கு வேறு எப்படித் தெரியும்?

"எந்த சாமிக்கு வேண்டுதலு?"

முனிராஜ் முகம் மாறாமல், "காத்து மாரியாத்தாளுக்கும்மா" என்றார்.

"அந்தக் கோயிலு எங்க கீது?"

"ஹைவே மேலதான். அறுபதுல போனா தெரியும்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மடியிலிருந்து குங்குமம் எடுத்து விளக்குக்கு வைத்தார். பக்கத்துக் கடையில் ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி, கயிறு கோத்து ஹேண்டிலில் கட்டினார். "போயிட்டு வரும்போது என் ஆட்டுக்கும் வேண்டிக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கிருபாகரன் படத்தை ஓட்டிப் பார்த்தார். நான் தைத்த சீட்டின் ஓரத்தில் நூலெல்லாம் வாரிவிட்ட முடி மாதிரி படிந்திருந்தது. "அக்கா, இது சீட் இல்ல, சிலை" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதில் ஒரு பெண் உட்கார முடியாது என்பதை அப்போதும் சொல்லவில்லை. போகும்போது இருந்ததைவிடத் திரும்பும்போது விளக்குக்குப் பின்னால் நாலு நூல் பேய் பிடித்த மாதிரி ஆடியது. அரைமணி நேரம் கணக்குப் போட்ட பிறகுதான் எலுமிச்சம்பழத்தைக் கண்டுபிடித்தார். முனிராஜிடம் அதைக் கழற்றச் சொன்னார்.

"சாமிக்குக் கட்டுனத அவுக்கக் கூடாது சார்."

"அப்படி ஒரு சாமியே இல்லையேப்பா. நீ சொன்ன பொய்தானே?"

"நான் சொன்னது பொய்யிதான் சார். அந்தம்மா நெசமாத்தானே கட்டுச்சி?"

பழம் அப்படியே இருந்தது.

ஐந்தாம் நாள் டீலர் வெங்கட்ராமப்பா காரில் வந்தார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா. எலுமிச்சம்பழத்தைப் பார்த்து, "நல்லது" என்றார். மூக்கு, வால், இரண்டு வருஷ வளைவுகள் எதையும் பார்க்கவில்லை. நேராகப் பின்சீட்டுக்கு வந்தார்.

"பொம்பள எங்க ஒக்காருவா?"

"இதான் சார் சீட்டு. பின்னாடி ஆள் வெயிட்டுக்கு அறுவது கிலோ அரிசி மூட்டை கட்டியே ஓட்டிப் பாத்துட்டோம்" என்றார் கிருபாகரன்.

"மூட்டை ரெண்டு பக்கமும் தொங்கும்யா. என் கடைக்கு வர்றவன் பொண்டாட்டியோட வர்றான். அவ சேலை கட்டி ஒரு பக்கமா ஒக்காருவா. இதுல குருவிதான் ஒக்காரும்."

வெங்கட்ராமப்பா ஒரு வழி சொன்னார். ஒரு சாதாரணப் பெண், சாதாரணச் சேலையில், ஒருபக்கமாக உட்கார்ந்து, இங்கிருந்து கிருஷ்ணகிரியில் அவர் கடை வரை போய்த் திரும்ப வேண்டும். ஒரே சார்ஜ். ஹைவேயில் அறுபதில். மூன்று நாள் டைம். "செஞ்சா அம்பது வண்டி. இல்லைன்னா நீங்க மூட்டை யாவாரிக்கே வித்துக்குங்க."

அவர் போனதும் ஏழு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஷெட்டில் இருந்த ஒரே சேலை என்னுடையது.

கிருபாகரன் என்னைத் தனியே கூப்பிட்டார். "உங்களுக்குத் தெரியாதாக்கா, அதுல ஒக்கார முடியாதுன்னு?"

"தெரியும்."

"எப்போ?"

"முதல் நாளே."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

அவர் அங்கிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறாம் நாள் முழுக்க சீட்டைப் பிரித்து, இடது பக்கம் இரண்டு அங்குலம் ஸ்பாஞ்ச் ஏற்றி, நுனியைத் தாழ்த்தித் தைத்தேன். என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் கோடு போட்டார்கள். படிந்து கிடந்த நூலெல்லாம் இப்போது ஆடியது. அதைவிடப் பெரிய கவலை முந்தானை. கிருபாகரன் கம்ப்யூட்டரில் ஒரு பெண்ணை உட்கார வைத்து, அவளுக்கு முந்தானை போட்டு, காற்றை ஊதவிட்டிருந்தார். அது கொடி மாதிரிப் பின்னால் பறந்தது. அதனால் பேட்டரி போகும் வழியில் சூளகிரியிலேயே தீர்ந்துவிடும் என்று கணக்கு சொன்னது. மறுநாளும் அந்தக் கணக்கையே திருப்பித் திருப்பிப் போட்டார். வாயைத் திறந்து என்னிடம் கேட்கக் கூச்சம். "அக்கா, அந்த... பின்னாடி வர்ற... துணி" என்று தரையைப் பார்த்தார். என்னைவிடக் கூச்சப்படுகிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். தைரியம் வந்தது.

"பைக்குல அப்படி யாரும் பறக்க விடமாட்டாங்க தம்பி. சக்கரத்துல மாட்டிச் சாகறதுக்கா? இப்படிச் சுத்தி முன்னால கொண்டுவந்து இடுப்புல சொருகிக்குவோம்."

அவர் கம்ப்யூட்டரில் முந்தானையை அழித்தார். பேட்டரி கிருஷ்ணகிரி போய், திரும்பும் வழியில் குருபரப்பள்ளி வரை வந்தது. மீதியை நேரில்தான் பார்க்க வேண்டும்.

எட்டாம் நாள் மதியம் கிளம்பினோம். முந்தின நாளே வெங்கட்ராமப்பா ஆள் அனுப்பி, சார்ஜ் போடும் துவாரத்தின் மேல் தன் கையெழுத்துப் போட்ட டேப்பை ஒட்டியிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக சீட் தைக்கிறேன். என் சீட்டில் முதல் முறையாக உட்கார்ந்தேன். முனிராஜ் தோளைப் பிடிக்க மனம் வரவில்லை. பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரர் போனில் என்ன வேலை என்று கேட்டபோது, "சீட் டெஸ்டிங்" என்று சொல்லியிருந்தேன். பொய் இல்லை.

போவது சுகம். ஓசூர் மேட்டில் இருக்கிறது, கிருஷ்ணகிரி பள்ளத்தில். சாலை நம்மை உருட்டிவிடுகிறது, காற்றும் முதுகில் தள்ளுகிறது. சத்தமே இல்லாத வண்டி. மாந்தோப்புகள் வந்தன, கிரானைட் கல் ஏற்றிய லாரிகள் வந்தன. எங்கள் ஊரில் எங்கே பார்த்தாலும் தரை சமம். இங்கே பாறைகளை யாரோ விளையாடிவிட்டு எடுத்து வைக்க மறந்த மாதிரி கிடக்கின்றன. கடைக்குப் போனபோது திரையில் பேட்டரி அறுபத்தொரு சதவீதம் இருந்தது. வெங்கட்ராமப்பா டேப்பைத் தடவிப் பார்த்து, எனக்கு மோர் கொடுத்து, "நான் முன்னாடி போயி ஷெட்டுல ஒக்காந்திருக்கேன்" என்று காரில் ஏறிப் போனார்.

திரும்புவதுதான் பயணம். மேடு. எதிரே ஆடிக் காற்று. அறுபதில் அது கன்னத்தில் கைவைத்துப் பின்னால் தள்ளியது. கிருபாகரன் இரண்டு வருஷமாக யாரோடு சண்டை போடுகிறார் என்று அப்போதுதான் எனக்கு நேரில் தெரிந்தது. எண்கள் இறங்கின. நாற்பது. முப்பத்திரண்டு. சூளகிரியில் இருபத்தொன்று. முனிராஜ் பேச்சை நிறுத்தினார். நான் காற்றுக்கு எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதாக ஒடுங்கினேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

சானமாவு காடு தொடங்கும் இடத்தில் எட்டு. ஓசூருக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். "போகாதுக்கா" என்றார் முனிராஜ். "அஞ்சுக்குக் கீழ எறங்குனா ஆமைப் படம் வரும். அப்புறம் மேடு ஏறாது." ஏழு பேர் கம்பெனி கேட்டில் நிற்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. நான் முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் இரண்டு அங்குலத்தைக் காற்றுக்கு உறுத்தாமல் சேர்க்கக் கிருபாகரனுக்கு ஒரு வாரம் கிடைத்திருக்கும்.

அப்போது வண்டிகள் நின்றன. லாரி, பஸ், கார் எல்லாம். முன்னால் வனத்துறைக்காரர் தடியை நீட்டி மறித்துக்கொண்டிருந்தார். யானைகள். சாலையை ஒட்டிய மரங்களுக்கு நடுவே முதுகுகள் மட்டும் தெரிந்தன, நாலோ ஐந்தோ. பக்கத்து லாரி டிரைவர் கன்னடத்தில் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். முனிராஜ் எனக்கு மொழிபெயர்த்தார்: "நான் கடையில இல்லடி. குடிக்கல. சத்தியமா யானைதான். வேணும்னா அதுங்கிட்டயே குடுக்கறேன், பேசு."

அரைமணி கழித்து விட்டார்கள். ஒரே வரிசையில், ஹாரன் இல்லாமல், நடக்கிற வேகத்தில். அந்த வேகத்தில் காற்று எதிர்க்கவில்லை. முன்னால் போன லாரி மிச்சக் காற்றையும் மறைத்தது. திரையைப் பார்த்தேன். எட்டு. ஒரு வளைவு தாண்டியும் எட்டு. காடு முடியும்போது ஏழு.

"பேசாதீங்கக்கா" என்றார் முனிராஜ் கிசுகிசுப்பாக. "யானை நம்ம வண்டியத் தள்ளுது."

காட்டுக்கு அப்புறம் ஊர் நெரிசல். அதிலும் ஊர்ந்தோம். ஷெட் கேட்டுக்குள் நுழையும்போதுதான் ஆமை வந்தது.

ஆரவாரம் செய்தார்கள். கிருபாகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்கட்ராமப்பா டேப்பைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "ஏன் இத்தினி நேரம்?"

"டிராஃபிக்குங்க" என்றார் முனிராஜ்.

"அது எப்பவும் கீறதுதான்." அவர் கிருபாகரன் பக்கம் கையை நீட்டினார். கிருபாகரனும் கையை நீட்டினார்.

"யானை" என்றேன் நான்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. எல்லோரும் திரும்பினார்கள். தொடங்கிவிட்டதால் முடிக்க வேண்டியிருந்தது. "சானமாவுல யானைங்க. அங்கிருந்து அறுபதுல வரலைங்க. பத்துலதான் வந்தோம். அறுபதுல வந்திருந்தா வந்து சேர்ந்திருக்காதுங்க."

முனிராஜ் கண்ணை மூடிக்கொண்டார். கிருபாகரனின் கை நீட்டியபடியே நின்றது.

வெங்கட்ராமப்பா என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "எத்தினி?"

"நாலு, அஞ்சு இருக்கும்."

"குட்டி இருந்திச்சா?"

"சரியா தெரியலைங்க."

"எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு? ஏரிப் பக்கமா, ராகிக் காட்டுப் பக்கமா?"

அதன்பிறகு அரைமணி நேரம் யாரும் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. மற்ற ஆறு பேரும் டீலரும் எந்த யானை யார் தோட்டத்தில் போன வருஷம் என்ன சாப்பிட்டது என்பதில் முனைந்துவிட்டார்கள். முனிராஜ் தன் சித்தப்பாவின் தக்காளிக்காகச் சண்டை போட்டார். கிருபாகரன் மட்டும் கையைத் தொங்கவிட்டு நின்றார்.

கடைசியாக வெங்கட்ராமப்பா எழுந்தார். "ஏம்மா, அந்த ரோட்டுல எவன் அறுபதுல வர்றான்? காட்டுல யானை, சூளகிரில நெரிசல், சந்தை நாள்ல ஆடு. நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் அறுபதுன்னேன். எங்க ஆளுங்க நாப்பதைத் தாண்டுனா பொண்டாட்டிங்க முதுகுல குத்துவாங்க." கிருபாகரன் பக்கம் திரும்பினார். "வார்த்தை குடுத்துட்டேன். அம்பது. ஆடி கழியட்டும், கையெழுத்து ஆவணியில. ஆனா சக்கரத்துக்கு சேலை கார்டு வையி. கால் வெக்க பெரிய பலகை வையி. முன்னாடி ரெண்டு பக்கமும் கம்பி கட்டு, பால் கேன் மாட்டறதுக்கு. இந்தக் கூர் மூக்கு வேணாம், மாடு பயப்படும்."

ஷெட் தப்பியது. லட்டு வாங்க முனிராஜ் ஓடினார். கிருபாகரன் வண்டி பக்கத்தில் உட்கார்ந்து, வாலில் பாக்கியிருந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தார்.

"அக்கா, காத்தே இல்லாத ரோட்டுக்கு ரெண்டு வருஷமா வண்டி செஞ்சிருக்கேன்" என்றார்.

"திரும்பி வரும்போது காத்து இருந்துச்சு தம்பி. நான் பாத்தேன்" என்றேன். அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்த மாதிரி தெரிந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் முனிராஜ் பஸ் ஏற்றிவிட்டார். கையில் ஒரு கட்டு ரோஜா. ஜன்னலோரம் இடம். சேலை மடிப்பைச் சரிசெய்தபோது முந்தானை ஓரத்தில் ஒரு சிவப்பு நூல், டேப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். கொஞ்சமும் ஆடாமல், சுழலாமல், நேராக இருந்தது. கிருபாகரன் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்தேன். முன்சீட்டுக்காரர் எழுந்து நின்று எட்டிப் பார்த்து, யானை நகர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார். சானமாவில் பஸ் நின்றுகொண்டிருந்தது.